மொச்சையின் வயிறும் பதினொரு வாயும்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், பன்னிரண்டு செந்நாய்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. அவற்றுக்குத் தலைவன் கருவாலன். உடம்பில் பெரியவன், பேச்சில் அதைவிடப் பெரியவன். "கல்லைத் தின்னாலும் கரைச்சிடும் என் வயிறு" என்று நாளுக்கு நான்கு தடவையாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அதே கூட்டத்தில் செம்பி என்றொரு பெண் செந்நாய் இருந்தாள். வேட்டை முடிந்தால் கடைசியாகத் தின்பவள் அவள்தான். மழை பெய்தால் குகை வாசலில் நனைகிறவளும் அவள்தான். ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றை இல்லை என்று சொல்லச் சொன்னால் மட்டும் அவளிடம் நடக்காது. அப்படியொரு பிடிவாதக்காரி.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது. அக்கரையில் இருந்த செந்நாய்க் கூட்டம் சிதறிப்போயிற்று. வெள்ளம் வடிந்த காலையில் செம்பி தண்ணீர் குடிக்கப் போனாள். கரையில் ஒதுங்கிய மரத்துண்டின் மேல் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது.

"உன் பேரு என்னடா?"

"மொச்சை."

"உங்க அம்மா எங்கே?"

குட்டி ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. செம்பிக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அவனைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு நேரே குகைக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. வேட்டைக்குப் போய்வருகிற ஒவ்வொருவரும், வயிற்றில் கொண்டுவந்த இறைச்சியில் ஒரு வாய் எடுத்துக் குட்டிக்கு ஊட்ட வேண்டும். ஊட்டாதவர் கஞ்சர் என்று பேர் வாங்குவார். வேண்டாம் என்று மறுத்தாலோ, அது ஊட்டுகிறவரை அவமானப்படுத்துவதாகும்.

புதுக்குட்டி வந்திருக்கிறது என்றதும் எல்லோருக்கும் ஒரே குஷி. ஒருவர் புள்ளிமான் கொண்டுவந்தார். ஒருவர் கடமான் ஈரல் கொண்டுவந்தார். கருவாலன் காட்டுப்பன்றிக் கொழுப்பாகவே கொண்டுவந்து, "தின்னுடா, தின்னு! எங்க கூட்டம்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ" என்று திணித்தான். பதினொரு பேரும் பதினொரு வாய் ஊட்டினார்கள். மொச்சையின் வயிறு பலாப்பழம் மாதிரி உப்பிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. சிரிக்காமல் கேளுங்கள். தினமும் காலையில் கூட்டம் முழுவதும் எல்லைப் பாறைக்குப் போய் அங்கேதான் வெளிக்கிருக்கும். அந்தப் பக்கமாக வரும் புலி அதை மோந்து பார்க்கும். இங்கே எத்தனை பேர், எவ்வளவு பலசாலிகள் என்று கணக்குப் போட்டுவிட்டு ஒதுங்கிப் போகும். அவர்களுக்கு அதுதான் வேலி, அதுதான் காவல்.

மறுநாள் காலை மொச்சையும் பாறை மேல் குந்தினான். கூழ் மாதிரி இளகிப் போயிற்று.

"சின்னப் பையன்தானே, நாளைக்குச் சரியாயிடும்" என்றார்கள். சொல்லிவிட்டு மறுபடியும் ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். அடுத்த நாள் இன்னும் இளகிற்று. மூன்றாம் நாள் வெறும் தண்ணீரும் சளியுமாகப் பாறையில் வழிந்து ஓடியது.

கருவாலனுக்குக் கோபம் தலைக்கேறியது. "புலி மோந்து பார்த்தா என்ன நினைக்கும்? இந்தக் கூட்டத்துல ஒரு நோஞ்சான் இருக்கான்னு நேரா குகைக்கே வந்துடும்! செம்பி, அஞ்சு நாள் தர்றேன். அஞ்சாம் நாள் காலையில பாறையில கெட்டியா இருக்கணும். இல்லேன்னா இவனை ஆத்தைத் தாண்டி அக்கரைக்கே கொண்டுபோய் விட்டுடு."

அக்கரையில் யாரும் இல்லை. தனியாக விடப்பட்ட குட்டிக்கு அங்கே ஒரு நாள் தாங்காது. அது செம்பிக்குத் தெரியும், கருவாலனுக்கும் தெரியும்.

செம்பி குட்டியை மடியில் சாய்த்துக்கொண்டாள். "ஏண்டா மொச்சை, உங்க கரையில என்னடா தின்னே?"

"முயல், அத்தை."

"வேற?"

"முயல் மட்டுந்தான்."

முயல் மட்டுமே தின்று வளர்ந்த வயிறு. அதில் ஒரே நாளில் பன்றியும் மானும் ஈரலும் கொழுப்புமாகப் பதினொரு வாய்! குட்டியிடம் நோய் இல்லை என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மாலையில் கூட்டம் வேட்டையிலிருந்து திரும்பி, வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு வந்தது. செம்பி குகை வாசலில் குறுக்கே நின்றாள்.

"ஒருத்தரும் ஊட்ட வேண்டாம்."

"என்ன சொன்னே?"

"காது கேக்கலையா? ஊட்ட வேண்டாம்னு சொன்னேன். இன்னிக்கு அவன் தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டு வயித்துக்கு ஓய்வு குடுக்கப்போறான். நாளையிலேருந்து நான் பிடிக்கிற முயலைத்தான் தின்னுவான். அதுவும் கொஞ்சங்கொஞ்சமா."

கடைசியாகத் தின்கிறவளுக்கு இவ்வளவு வாயா! எல்லோருக்கும் திகைப்பு. "எங்க வாயைத் தட்டிவிடுறியா?" என்று ஒருத்தி குமுறினாள். "முயலா? முயல் பிடிக்கிறது கோழைங்க வேலை!" என்று கருவாலன் காறித் துப்பினான். செம்பி நகரவே இல்லை. கடைசியில் அவர்கள்தான் முனகிக்கொண்டே கலைந்து போனார்கள்.

மறுநாள் செம்பி முயல் பிடித்தாள். அதில் நான்கு சின்னக் கவளம் மட்டும் ஊட்டினாள். "இன்னும் பசிக்குது அத்தை" என்று குட்டி சிணுங்கினான். "பசிக்கட்டும். வயிறு கேட்டா குடுக்கலாம், வாய் கேட்டா குடுக்கக் கூடாது" என்றாள். அடுத்த நாள் காலை அவனுக்குக் கூழ் பதம் மாறிக் களிப் பதம் வந்திருந்தது. செம்பிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சந்தோஷத்தில் இன்னொரு முயல் தேடி ஓடினாள்.

அவள் போன சமயம் பார்த்துக் கருவாலன் குகைக்குள் நுழைந்தான். அவனுக்குக் குட்டி மேல் கோபம் எல்லாம் இல்லை. தன் வாயை ஒருத்தி மறுத்துவிட்டாளே என்பதுதான் பொறுக்கவில்லை. "முயலைத் தின்னா முயலாட்டந்தான் ஆவே. இந்தா, இதுதான் ஆம்பளைச் சாப்பாடு!" என்று பன்றிக் கொழுப்பைத் திணித்துவிட்டுப் போனான். தலைவர் ஊட்டினால் குட்டி என்ன செய்யும்? விழுங்கியது.

நான்காம் நாள் காலை பாறையில் பழையபடி தண்ணீர்.

"பாத்தியா! நாலு நாளா உன் முயல் என்ன கிழிச்சுது? நாளைக்கு ஆத்தைத் தாண்டு" என்றான் கருவாலன்.

மொச்சை செம்பியின் காலடியில் ஒண்டிக்கொண்டு, "நேத்து பெரியப்பா கொழுப்பு ஊட்டினாரு அத்தை" என்று முணுமுணுத்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பன்னிரண்டு பேர் கூடியிருந்த இடத்தின் நட்டநடுவில் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு கேள்வி. குறை இவன் வயித்துலயா, நாம ஊட்டின விதத்துலயா?"

"வயித்துலதான்! எங்க வயிறெல்லாம் தின்னா தின்னபடி செரிக்கலையா?"

"உங்க வயிறு எதையும் செரிக்குமா?"

"கல்லைத் தின்னாலும்..."

"கல்லு வேண்டாம். இவன் தின்ன மாதிரியே நீங்களும் ஒரு நாள் தின்னுங்க. இதுவரைக்கும் உங்க வாயில படாத சாப்பாடு, ஆளுக்கொரு வாய். நாளைக் காலையில பாறைக்கு வாங்க. உங்களுது கெட்டியா இருந்தா இவனோட நானும் ஆத்தைத் தாண்டிப் போயிடுறேன்."

கூட்டம் முழுவதும் கருவாலன் பக்கம் திரும்பியது.

"இல்லேன்னா?" என்றான் கருவாலன்.

"இல்லேன்னா இவன் இங்கேயே இருப்பான். இவன் சாப்பாட்டுல நான் சொல்றதுதான் சட்டம். தலைவரா இருந்தாலும் சரி."

இத்தனை பேர் முன்னால் எப்படி முடியாது என்று சொல்வது? "கொண்டா பாக்கலாம்!" என்று கருவாலன் மீசையை முறுக்காத குறையாக உட்கார்ந்தான்.

செம்பி காட்டுக்குள் ஓடினாள். கரடியிடம் சொன்னாள். கரடி தாராள மனசுக்காரர். ஒரு அடை தேனும் ஒரு குவியல் இலுப்பைப் பூவும் தூக்கிக்கொண்டு வந்தார். கருமந்தியிடம் சொன்னாள். அவன் குறும்புக்காரன். செந்நாய்த் தலைவனுக்கு ஊட்டுகிற பாக்கியம் இனி எப்போது வாய்க்கும் என்று, பாதி பழுத்த அத்திப்பழமாகப் பார்த்துப் பறித்துவந்தான். நீர்நாய் அதிகம் பேசமாட்டாள். ஒன்றும் கேட்காமல் நான்கு மீனைக் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் வாய் தேன். கருவாலன் நக்கிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். இரண்டாவது இலுப்பைப் பூ. மூன்றாவது மீன், முள்ளோடு. அத்திப்பழம் வந்தபோது அவன் முகம் லேசாகக் கோணியது.

"போதும்..."

"என்ன தலைவரே, ஊட்டுறவங்களை மறுக்கலாமா? அது அவமானமாச்சே!" என்றான் மரத்திலிருந்து கருமந்தி.

கருவாலன் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் விழுங்கினான்.

விடிந்தது. கூட்டம் வரிசையாக எல்லைப் பாறைக்குப் புறப்பட்டது. எப்போதும் முன்னால் நடக்கிற கருவாலன் அன்று நடுவில் நடந்தான். வால் தொங்கிக் கிடந்தது. பாறைக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. திடீரென்று அவன் வழியை விட்டு விலகி ஒரு புதருக்குள் பாய்ந்தான். வெளியே வந்து நான்கு அடி வைத்தான், அடுத்த புதருக்குள் ஓடினான். மூன்றாவது புதர்வரை போக அவனால் முடியவில்லை. எல்லோர் கண் முன்னாலேயே போயிற்று.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தைரியமும் இல்லை. மொச்சை மட்டும் ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றான்.

"வயித்தைச் சுருட்டிப் பிடிக்குதா பெரியப்பா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தண்ணி நிறைய குடிங்க."

கருவாலன் குட்டியைப் பார்த்தான். தொங்கிய வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டான்.

செம்பி முன்னால் வந்தாள். "கல்லைக் கரைக்கிற வயிறு ஒரே நாள்ல இப்படி ஆயிடுச்சு. இவன் வயிறு எவ்வளவு, கைப்பிடி அளவு! மூணு நாள் தாங்கியிருக்கான். சொல்லுங்க அண்ணே, இன்னிக்கு ஆத்தைத் தாண்டி யாரைக் கொண்டுபோய் விடலாம்?"

"யாரையும் வேண்டாம்."

"சத்தமாச் சொல்லுங்க. பன்னிரண்டு பேருக்கும் கேக்கணும்."

"யாரையும் வேண்டாம்! குட்டி இங்கேயே இருக்கட்டும்!" என்று கத்திவிட்டு, கருவாலன் மறுபடியும் புதரைத் தேடி ஓடினான்.

அன்றிலிருந்து ஒரு வாரம் மொச்சைக்கு முயல் மட்டும்தான். கடைசியாகத் தின்கிறவள் தன் பங்கையும் விட்டுவிட்டு முயல் முயலாக ஓடிப் பிடித்தாள். எட்டாம் நாள் மாலை, "இன்னிக்கு மான் தரலாம்" என்று அறிவித்தாள். அவ்வளவுதான், பதினொரு பேரும் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் கருவாலன் நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. ஒரு நாளைக்கு ஒருத்தர்தான். முயலோட முயலா, கடுகளவு மான். காலையில கெட்டியா இருந்தா மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். இளகிச்சோ, எல்லார் வாயையும் மூடிடுவேன். அண்ணே, உங்க பன்றிக் கொழுப்புக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும். பின்னாடி போய் நில்லுங்க."

கருவாலன் முனகிக்கொண்டே வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மொச்சை எல்லைப் பாறைக்கு முதல் ஆளாக ஓடினான். கொஞ்ச நேரத்தில் பாறை உச்சியிலிருந்து காடே கேட்கும்படி ஒரு சின்னக் குரல் கத்தியது.

"அத்தை, ஓடி வந்து பாரு! கெட்டியா இருக்கு!"

நீதி: எவ்வளவு ஆசையோடு ஊட்டினாலும், தின்கிற வயிற்றின் அளவறிந்து ஊட்ட வேண்டும்.