ஊத்துமேட்டுக் கிணற்றில் தண்ணீர் வந்த கதை

கருமேட்டு நாட்டில் அரசவை கூடியதும் முதலில் தூங்குபவர் அடலேறு மன்னர். அவரைப் பார்த்து மந்திரிகள் தூங்குவார்கள். விழித்திருப்பவள் நப்பின்னை ஒருத்திதான். வந்த மனுக்களை மன்னருக்குப் படித்துச் சொல்வது அவள் வேலை. படித்ததோடு நிறுத்தாமல் வாதாடவும் செய்வாள் என்பது மந்திரிகளின் தீராத மனக்குறை.

அன்றைக்கு மனுவே நேரில் வந்து நின்றது. ஊத்துமேட்டு உலகாயி. ஊருக்குப் பக்கத்தில் அரண்மனைக்காக நிலக்கரிக் குழி தோண்டியதிலிருந்து ஊர்க் கிணறு வற்றிவிட்டது, குடத்தோடு விடியலில் போகிற பெண்கள் உச்சிவெயிலில்தான் திரும்புகிறார்கள் என்றாள்.

சுரங்க மந்திரி பூதலவீரர் எழுந்தார். குழி தோண்டுவது அவர் வேலை. குழியால் கிணறுகளுக்குக் கேடு வருகிறதா என்று கண்காணிப்பதும் அவர் வேலை. ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுத்தால் ஒரு சம்பளம் மிச்சம் என்று யாரோ மன்னருக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். ஆண்டுதோறும் கயிறு விட்டு அளப்பதாகவும், ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிறைய இருப்பதாகவும் மந்திரி சொன்னார். மற்ற நாளில் வற்றினால் ஊர்க்காரர்கள்தான் காரணம். தினமும் குளிக்கிறார்களாம்.

"எந்த நாளில் அளப்பீர்கள்?" என்று கேட்டாள் நப்பின்னை.

"மாட்டுப் பொங்கலன்று. நல்ல நாள். வேறு வேலையும் இருக்காது."

நப்பின்னைக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஆனால் மந்திரி விடவில்லை. வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு இவர்களுக்கு ஊர் எதற்கு, காலி செய்தால் குழியை அகலமாக்கலாம் என்றார். மன்னர் தலையாட்டினார். பாதித் தூக்கத்தில் அவர் எதற்கும் ஆட்டுவார்.

"கிணறு ஊறிவிட்டால்?" என்றாள் நப்பின்னை.

மன்னருக்குத் தூக்கம் கலைந்தது. பந்தயம் என்றால் அவருக்கு உயிர். "மழை பெய்யக் கூடாது. ஒரு குடம்கூட ஊற்றக் கூடாது. நான் வந்து பார்க்கும்போது தண்ணீர் இருந்தால் ஊர் அவர்களுக்கு. இல்லாவிட்டால் குழிக்கு."

வெளியே வந்ததும் உலகாயி அவள் கையைப் பிடித்தாள். "ஏந்தாயி, எங்க ஊரையே பந்தயம் வச்சுட்டியே. உன் வீட்டை வைக்கிறது?"

நப்பின்னை நேரே பூதலவீரரைத் தேடிப் போனாள். மன்னர் குழியையும் பார்க்க வருகிறாராம். போன மாதம் யானைப்படைத் தலைவர் யானைகளை அலங்கரித்து நிறுத்தி முத்துமாலை வாங்கினாராம். பாவம், உம்மிடம் மாடுகள்தானே என்று வருத்தப்பட்டாள்.

அவ்வளவுதான். குழியில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் கமலை கட்டி இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்த அத்தனை மாடுகளையும் மந்திரி அவிழ்க்கச் சொன்னார். குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, சாலையின் இருபுறமும் நிறுத்தினார். கிணற்றில் யாரும் திருட்டுத்தனமாக ஊற்றிவிடாதபடி காவலும் அவரே போட்டார்.

நப்பின்னை தன் பங்குக்கு, வழியில் எந்தச் சத்திரத்தில் எது ருசி என்று மன்னரிடம் விவரமாகச் சொல்லியிருந்தாள். அரை நாள் பயணம் ஒரு வாரமானது.

ஊத்துமேட்டில் உலகாயி கிணற்றில் குடத்தை இறக்கினாள். தளும்பத் தளும்ப வந்தது. மன்னர் வானத்தைப் பார்த்தார், மேகமில்லை. காவலரைப் பார்த்தார், ஊற்றவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

"என்ன மந்திரம் போட்டாய்?"

"நானா? மந்திரிதான் மாடுகளை அவிழ்த்துவிட்டார். குழி கிணற்றைவிட ஆழம், மகாராஜா. அங்கே இறைக்க இறைக்க இந்தத் தண்ணீர் அங்கே போகிறது. நிறுத்தினால் இங்கே ஊறுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் மாடுகள் ஓய்வெடுக்கும்போது வந்து அளந்தால் கிணறு நிறைந்துதான் இருக்கும்."

"தற்செயல்," என்றார் பூதலவீரர்.

"அப்படியானால் மறுபடி பூட்டுங்கள். மன்னர் இங்கேயே சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பார்."

மன்னருக்கு ஆட்சேபணை இல்லை. மாடுகள் கழுத்து மாலையோடு மறுபடி இறைக்கத் தொடங்கின. மன்னர் மூன்றாவது விருந்தை முடிப்பதற்குள் குடம் சேற்றில் முட்டியது.

ஊர் தப்பியது. இனி அளவுக் கயிறு உலகாயி கையில், மாடுகள் இறைக்கும் நாளில்தான் அளக்க வேண்டும், தண்ணீர் இறங்கினால் குழியில் வேலை நிற்க வேண்டும் என்று மன்னர் சொல்ல வாயெடுத்தார். பூதலவீரர் காதோரம் குனிந்தார். குழி நின்றால் கரி நிற்கும், கரி நின்றால் மன்னர் காலையில் குளிக்க வெந்நீர் எப்படிப் போடுவது?

மன்னரின் வாய் பாதியில் நின்றது. உலகாயிக்கு மூச்சும் நின்றது.

"கரியைப் பக்கத்து நாட்டில் வாங்கலாம், மகாராஜா," என்றாள் நப்பின்னை. "அரண்மனைக் கிணறும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. குழி அகலமானால் அடுத்தது அதுதான். அப்புறம் எதைச் சுட வைப்பது? மந்திரியையா?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். மந்திரியின் இடுப்பிலிருந்த அளவுக் கயிற்றை அவரே உருவி உலகாயியிடம் கொடுத்தார்.