முன்னே ஓடிய செவலை

அந்தக் காலத்தில், நாய்க்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, நாய்கள் வழிநடையில் பின்னால்தான் வரும். ஆள் கால் பதித்த இடத்தில்தான் நாயும் கால் பதிக்க வேண்டும். “முன்னே போகிற நாய் வழியைத் தின்றுவிடும்” என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். எந்த நாயும் வழியைத் தின்றதை யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் எந்த நாயும் மீறியதில்லை.

தேரி என்று சொல்லப்படும் செம்மணல் மேடுகளுக்கு மேற்கே ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ப் பெண் பேராச்சி நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். அவளுடைய நாய் செவலையோ அவளுக்கு மேல். பேராச்சிக்கு இரண்டு கூட்டாளிகள். மாடத்தி எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். புலமாடன் எதற்கெடுத்தாலும் யோசிப்பான். மாடத்தியிடம் கருவாலி, புலமாடனிடம் சாம்பல் என்று அவர்களுக்கும் ஆளுக்கொரு நாய்.

ஒருநாள் ஊருக்குள் வந்த உப்பு வியாபாரி, “தேரிக்கு அந்தப் பக்கம் கடல் கிடக்கு. அக்கரையே இல்லாத தண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு குடம் தண்ணீருக்கு ஊற்றடியில் காத்துக் கிடக்கிற ஊர் அது. அன்று பேராச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

“அக்கரையே இல்லன்னா அது எங்கட்டி போயி முடியும்?” என்றாள் மாடத்தி.

“போயித்தான் பாப்பமே!” என்றாள் பேராச்சி.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். சுரைக்குடுக்கையில் தண்ணீர், மடியில் அவித்த பனங்கிழங்கு. மூன்று பேர் முன்னே, மூன்று நாய்கள் பின்னே. மணல் இன்னும் குளிர்ந்திருந்தது. காற்று எதிரிலிருந்து வந்தது. செவலை மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

“பேராச்சி, உப்பு வாடை வருது! மீன் வாடை வருது! என்னன்னே தெரியாத வாடைகூட வருது! நான் கொஞ்சம் ஓடிப் பாத்துட்டு வரட்டுமா?”

“பின்னால வா” என்றான் புலமாடன். “வழி தப்பிரும்.”

செவலை பின்னாலேயே வந்தது. வாலை மட்டும் அதனால் அடக்க முடியவில்லை. அது ஆடிய ஆட்டத்தில் பக்கத்தில் வந்த சாம்பலுக்கு முகத்தில் அடி விழுந்துகொண்டே இருந்தது.

உச்சி வேளையில் காற்று திரும்பியது. முதுகுப் பக்கமிருந்து ஒரே வீச்சாக வீசியது. மணல் புகைபோல எழுந்தது. கண்ணெதிரே ஒரு மேடு கரைந்து, இன்னோரிடத்தில் வேறொரு மேடு முளைத்தது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் வந்த தடம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பு. குடுக்கையைக் கவிழ்த்தபோது கடைசிச் சொட்டு மணலில் விழுந்து மறைந்தது.

மாடத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. “இப்ப எந்தப் பக்கம்?”

புலமாடன் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

செவலை மணலில் காதை வைத்துப் படுத்தது. “அடியில என்னமோ இரையுது. பெரிசா இரையுது. பேராச்சி, என்னைய விடு!”

“விடாத” என்றான் புலமாடன். “போனா அது வராது. நம்ம தடமே நிக்கல, அது தடமா நிக்கப்போவுது?”

பேராச்சி செவலையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் காலையிலிருந்து அவள் நெஞ்சுக்குள் துள்ளிக்கொண்டிருந்ததேதான் அந்த நாயின் உடம்பு முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் பிடரியில் கையை வைத்தாள்.

“எனக்கு முன்னால போ” என்றாள்.

எந்த மனிதரும் எந்த நாயிடமும் அதுவரை சொல்லாத வார்த்தை அது. செவலை ஒரு கணம் நம்பாமல் நின்றது. பிறகு பாய்ந்தது. செம்மணல் பறக்க, மேட்டில் ஏறி மறைந்தே போனது.

காத்திருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு நாய்களையும் நடுவில் விட்டு, குனிந்து உட்கார்ந்தார்கள். காற்று குறையவில்லை.

“தண்ணியக் கண்டிருக்கும். நம்மள மறந்திருக்கும்” என்றான் புலமாடன்.

“மறக்காது” என்றாள் பேராச்சி. சொன்னாளே தவிர, அவளுக்கே நிச்சயம் இல்லை. நாமே அனுப்பி நாமே தொலைத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. “செவலே!” என்று கத்தினாள்.

அப்போது மேட்டிலிருந்து ஏதோ உருண்டு வந்தது. வந்த வேகத்தில் பேராச்சியை மல்லாக்கத் தள்ளிவிட்டு, அவள் மேல் நின்று உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அவள் முகமெல்லாம் ஈரம்! உதட்டை நக்கினாள்.

“உப்பு!” என்று அலறினாள். “ஏட்டி மாடத்தி, உப்புட்டி! இது கடலு!”

“கண்டேன்!” மூச்சு வாங்க வாங்கச் சொன்னது செவலை. “தண்ணி எந்திரிச்சு நடக்குது! கிட்டப் போனா ஓடுது, ஓடிப் போனா தொரத்துது! நான் உள்ளயே விழுந்துட்டேன். அப்புறம் திரும்பிப் பாத்தேன். நீ இல்ல. நீ இல்லாம எனக்கு அது பிடிக்கவே இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், எதிர்க்காத்து சத்தத்த எனக்கே திருப்பித் தந்துட்டு. உன் வாசனைய மட்டும் எங்கிட்டக் கொண்டாந்துட்டே இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.”

பேராச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

“கெளம்புங்க!” என்றது செவலை.

மறுபடி முன்னே ஓடியது. மேட்டுக்கு மேடு நின்று, எல்லாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. மாடத்தி பின்தங்கினால் ஓடிவந்து அவளைச் சுற்றிவிட்டுப் போனது. அதைப் பார்த்துக் கருவாலிக்கும் சாம்பலுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. “நாங்களும் போவட்டா?” என்று கேட்டன.

புலமாடன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, “போயிட்டு வாங்க” என்றான்.

மூன்று நாய்களும் ஓடின, வந்தன, ஓடின. கடைசி மேட்டின் உச்சியில் நின்றபோது, கீழே கடல் கிடந்தது. அக்கரையே இல்லை. மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு கூச்சலிட்டபடி சரிவில் இறங்க, நாய்கள் அலையின் விளிம்பில் போய் நின்று, இறங்காமல் அவர்களுக்காகக் காத்திருந்தன.

அன்று முதல்தான், வழிநடையில் நாய் முன்னே ஓடுகிறது. ஓடினாலும் சற்றுத் தூரத்தில் நின்று, நீங்கள் வருகிறீர்களா என்று திரும்பிப் பார்க்கிறது.