பேசும் பழத் தோட்டம்

அன்பர்களே, வாசல் தேடி வந்த உதவி வந்த வழியே திரும்பிப் போகும் அளவுக்கு நீங்கள் என்றாவது பெருமை பேசியதுண்டா? அவசரப்பட்டு 'இல்லை' என்று தலையாட்ட வேண்டாம். தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த கோதண்டமும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்.

அந்தத் தை மாதம் தோட்டம் முழுக்கப் பழம் சிவந்து நின்றது. பறிக்கும் ஆட்களோ ஒரு கல்யாணத்துக்காகக் கூண்டோடு மலையிறங்கிவிட்டார்கள். இன்னும் ஓரிரு நாள் விட்டால் பழம் கிளையிலேயே புளித்துப்போகும். ஒரு வருட உழைப்பும் அதோடு போகும். அவர் மனைவி அங்கம்மாள் விடிந்ததிலிருந்து இடுப்பில் கூடை கட்டித் தனியாகப் பறித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூர்க் காப்பி வியாபாரி சாதிக், வேன் நிறைய ஆட்களோடு வந்திறங்கினார். ஆள் பஞ்சம் தெரிந்தால் வியாபாரி வேறு தோட்டம் பார்த்துப் போய்விடுவாரே என்று கோதண்டத்துக்குள் நடுக்கம். நடுக்கத்தை மறைக்க மனிதன் முதலில் எடுக்கும் ஆயுதம் நாக்குதான். வேனில் வந்தவர்களை மலை சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று எண்ணி, அவர் அதைச் சுழற்றத் தொடங்கினார்.

பலா மர நிழலில்தான் செடி வளர்க்கிறோம் என்றார். அதுவரை உண்மை. அந்த நிழல் எவ்வளவு கெட்டி என்றால், போன கோடையில் அதை உருவியெடுத்து வீட்டுக்குள் பாயாக விரித்துப் படுத்தாராம். விடிந்ததும் மறக்காமல் கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் செடி வாடிவிடுமாம்.

சாணமும் இலைதழையும் தவிர வேறு உரமே போடுவதில்லை என்றார். அதுவும் உண்மை. அந்த மண்ணில் ஒரு விருந்தாளி கைத்தடியை ஊன்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாராம். திரும்பி வருவதற்குள் தடி வேர்விட்டு, பூத்து, காய்த்துவிட்டதாம். அவர் இழுத்துப் பார்த்தாராம். 'நான் இங்கேயே இருந்துக்கறேன்' என்று தடி வர மறுத்துவிட்டதாம்.

வேனில் வந்தவர்களில் பேச்சியம்மாள் என்ற நடுவயதுக்காரி, அந்த விருந்தாளி அப்புறம் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார் என்று விசாரித்தாள். தடி இல்லாமலே நடந்தார், நம் காப்பி குடித்தவராயிற்றே என்றார் கோதண்டம்.

சாதிக் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. எனக்குப் பழுத்தது மட்டும்தான் வேணும். காயை விட்டுட்டு எப்படிப் பறிக்கிறீங்க?"

"நாங்க எங்க பாய் பறிக்கிறோம்? பழுத்த உடனே பழமே கூப்பிடும்."

"காய் கூப்பிடாதாக்கும்?" என்றாள் பேச்சியம்மாள்.

"காய்க்கு இன்னும் பேச்சு வரலையே, ஆத்தா."

கூப்பிட்ட பழத்துக்குக் கீழே கூடையைப் பிடித்தால் போதுமாம், ஒவ்வொன்றாகக் குதிக்குமாம். முந்திக்கொண்டு குதித்த அரைப்பழத்தை மற்றவை அதட்டி மறுபடி கிளைக்கே ஏற்றிவிடுமாம். அப்படியானால் ஆளே வேண்டாமா என்று சாதிக் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. அவரோ, அந்நிய ஆள் கை பட்டால் பழத்துக்கு ரோஷம் வந்துவிடும் என்றார்.

சாதிக் முகத்தில் சிரிப்பே இல்லை. "நல்லவேளை சொன்னீங்க. இந்தப் பக்கம் ஆள் கிடைக்கலைன்னு கேள்விப்பட்டு, உங்களுக்குப் பறிச்சுக் கொடுக்கத்தான் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன். ஆனா எங்க ஆளுங்க ஊமைப் பழத்தைத்தான் பறிப்பாங்க. பேசுற பழத்தைப் பறிச்சா கொலைக் கேசாயிரும்."

பேச்சியம்மாள் ஆமாம் என்று பெருமூச்சுவிட்டு வேனில் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். கோதண்டம் வாயைத் திறந்தார். இவ்வளவு நேரம் சுழன்ற நாக்கு அப்போது பார்த்து அசையவில்லை. வண்டி உறுமியது.

மேட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அங்கம்மாள், கூடையோடு இறங்கி வந்து வேனை மறித்து நின்றாள்.

"பாய், எங்க பழம் அத்தனையும் ஊமை. அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இவரு பேசுறாரு. நாளைக்குன்னு விட்டா ஒண்ணும் மிஞ்சாது. இன்னைக்கே, இப்பவே ஆளை இறக்கிவிடுங்க."