இமை மரியாதை

ஆலங்கரை ஏரியில் நாரைகள்தான் ராஜ வம்சம். அப்படி யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நாரைகளேதான் சொல்லின. "எங்கள் மூக்கைப் பாருங்கள், பொன் நிறம்! வேறு யாருக்காவது உண்டா?" என்று கேட்டன. மற்றவர்கள் தங்கள் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

வாயை மூடியது போதாதென்று நாரைகள் கண்ணையும் மூடச் சொல்லின. எட்டு நாளைக்கு ஒரு முறை அரச குடும்பம் கரையோரமாக ஊர்வலம் வரும். முன்னால் கொக்கு மந்திரி நடந்து, 'டக் டக் டக்' என்று அலகைத் தட்டுவார். உடனே எல்லோரும் கூட்டையும் வளையையும் விட்டு வந்து, வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். மறுபடி 'டக் டக் டக்' கேட்கும்வரை திறக்கக் கூடாது. இதற்கு 'இமை மரியாதை' என்று பெயர். அரச குலத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது பாவமாம்!

இந்த மரியாதையால் பொட்டம்மாவுக்கு வயிறு எரிந்தது. பொட்டம்மா, நாணல் புதரில் கூடு கட்டியிருந்த தாழைக்கோழி. நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். அந்த வருஷம் இரண்டு முறை முட்டையிட்டாள். இரண்டு முறையும் ஊர்வலம் முடிந்து போய்ப் பார்த்தால், கூடு காலி!

"தண்ணீர்ப் பாம்பு வரியன்தான் திருடன்!" என்று கொக்கு மந்திரி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் சொல்லிவிட்டார். "இன்னொரு முட்டை காணாமல் போனால் அவனைக் கரைக்கு அப்பால் துரத்துவோம். பிறகு ஏரித் தண்ணீரில் அவன் வால்கூடப் படக் கூடாது!" பொட்டம்மாவும் அதை நம்பினாள். நம்பி, வரியனின் வாலில் காயம் வரும்படி கொத்தியும் விட்டாள்.

இப்போது கூட்டில் ஐந்து முட்டைகள் இருந்தன. ஏரியோ வற்றிக்கொண்டே வந்தது. இவையும் போனால் அந்த வருஷத்துக்கு அவளுக்குப் பிள்ளையே கிடையாது.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் அவள் நேரே வரியனின் வளைக்குப் போனாள்.

"டேய் வரியா! வெளியே வாடா! என் பிள்ளைங்களை முழுங்கின வயிறு எதுன்னு பார்க்கணும்!"

வரியன் தலையை நீட்டினான். "அக்கா, நான் மீன் தின்பேன், தவளை தின்பேன். இல்லைன்னு சொல்லலை. உன் முட்டையைத் தொட்டதே இல்லை."

"பின்னே யாரு தொட்டா?"

"ராஜாவோட தம்பி செஞ்சிறகர்."

பொட்டம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? ஊர்வலத்தப்போ எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தானே நிக்கிறோம்!"

"கிட்ட வந்து பாரு அக்கா. எனக்கு இமை இருக்கா?"

பொட்டம்மா கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். இமை இல்லை! பாம்புக்கு ஏது இமை? தூங்கும்போதுகூட வரியனின் கண் திறந்துதான் இருக்கும்.

"ஊர்வலத்தில கடைசியா வர்றவர் அவர்தான்," என்றான் வரியன். "நாணல் பக்கம் வந்ததும் மெள்ள ஒதுங்குவார். நீங்க எல்லாரும் குனிஞ்சு நிப்பீங்க. அவர் நிதானமாச் சாப்பிட்டுட்டுப் போய்ச் சேர்ந்துக்குவார்."

"ஏண்டா இத்தனை நாளாச் சொல்லலை?"

"பார்த்தேன்னு சொன்னா, பார்த்ததுக்கே தண்டனை. சொன்னாலும் யார் நம்புவா? நீ நம்பியிருப்பியா அக்கா?"

பொட்டம்மாவின் பார்வை அவன் வாலில் இருந்த காயத்தில் போய் நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் 'டக் டக் டக்' கேட்டது. பொட்டம்மா வேண்டுமென்றே வரிசையின் கோடியில், நாணலுக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம்! சத்தம் கேட்டதும் இமை தானாக இறங்கிவிட்டது. முன்னால் ராஜா பொன்னலகர் போனார். ராணி போனார். அத்தைகளும் மாமாக்களும் போனார்கள். கடைசியில் நாணல் விலகும் சத்தம் மட்டும் கேட்டது.

பொட்டம்மா கண்ணைத் திறந்தாள்!

செஞ்சிறகர் அவள் கூட்டின் மேல் குனிந்திருந்தார். வாயில் ஒரு முட்டை. இருவர் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. தன்னை யாரும் பார்த்துப் பழக்கமில்லாத இளவரசர் பதறிப்போனார். அவசரத்தில் முட்டையை ஓட்டோடு நொறுக்கி விழுங்கினார்.

"கண்ணைத் திறங்க!" என்று பொட்டம்மா கத்தினாள். "எல்லாரும் கண்ணைத் திறங்க! என் முட்டையைத் தின்னுட்டார்!"

ஒருவரும் திறக்கவில்லை. தவளைகள் இன்னும் இறுக மூடிக்கொண்டன. ஆமை தலையையே ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஊர்வலம் மட்டும் நின்றது.

"அரச குலத்தைப் பார்த்தவள் யார்?" என்று கொக்கு மந்திரி ஓடி வந்தார்.

"நான்தான் பார்த்தேன்! இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்! அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க, வாங்கிக்கிறேன். அப்புறம் அவரையும் கேளுங்க!"

"சட்டத்தை மீறியவள் சாட்சி சொல்ல முடியாது," என்றார் மந்திரி. "சட்டத்தை மீறாதவர் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆகவே இங்கே எதுவும் நடக்கவில்லை!"

எவ்வளவு வசதியான சட்டம் பாருங்கள்!

செஞ்சிறகருக்குத் தைரியம் வந்துவிட்டது. "என் மூக்கில் கறை இருக்கிறதா, பாருங்கள்!" என்று நீட்டினார். மஞ்சள் மூக்கில் மஞ்சள் கரு எங்கே தெரியப் போகிறது?

"நானும் பார்த்தேன்!" என்று வரியன் முன்னால் வந்தான். "எனக்கு இமையே இல்லை. இல்லாததை எப்படி மூடுறது? அதனால நான் சட்டத்தை மீறலை!"

"திருடனே சாட்சி சொல்ல வந்துவிட்டான்!" என்று மந்திரி சிரித்தார். நாரைகள் எல்லாம் சேர்ந்து சிரித்தன.

அப்போது தண்ணீர் சலசலத்தது. கிழட்டு விரால் மீன் ஒன்று தலையை வெளியே நீட்டியது. நாரைகளுக்கு எதிரே ஒரு மீன் தலையை நீட்டுவதென்றால் சும்மாவா!

"எங்களுக்கும் இமை கிடையாது," என்றது விரால். "இந்த வரியன் என் குஞ்சுகளில பாதியைத் தின்னவன். இவனைக் காப்பாத்தணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்லை. ஆனா முட்டையைத் தின்னது இவன் இல்லை. மூணு தடவையும் உங்க தம்பிதான் மகாராஜா!"

ஒரு நாரை விராலைக் கொத்தப் பாய்ந்தது. பொட்டம்மா இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு குறுக்கே விழுந்தாள். "முதல்ல என்னைக் கொத்து!" என்றாள். அவள் பின்னால் கெண்டை, கெளுத்தி, அயிரை என்று ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. இமைக்காத வட்டக் கண்கள் எல்லாம் செஞ்சிறகரையே பார்த்தன.

ராஜா பொன்னலகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது எங்கள் குடும்ப விஷயம். தம்பியின் இளவரசுப் பட்டத்தைப் பறித்துவிட்டேன். இனி அவன் ஊர்வலத்தில் வரமாட்டான். அரண்மனை மரத்தில் ஓய்வெடுப்பான். எல்லோரும் கலைந்து செல்லுங்கள்!"

"அந்த மரத்துக்கு நேர் கீழேதான் மகாராஜா என் கூடு இருக்கு!" என்றாள் பொட்டம்மா. "பட்டமா என் முட்டையைத் தின்னுச்சு? இவர்தானே தின்னார்! வரியனுக்கு என்ன தண்டனைன்னு சொன்னீங்களோ, அதையே இவருக்கும் சொல்லுங்க!"

"அவன் பாம்பு. இவன் என் தம்பி!"

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். அது இருக்கட்டும், இவர் செய்யறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அரசர் திரும்பிப் பார்த்து நடப்பது வழக்கமில்லை."

"அப்போ நீங்களும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் நடந்தீங்க!"

ராஜாவின் முகம் கறுத்தது. அவர் மந்திரிக்குக் கண்ணைக் காட்டினார். "டக் டக் டக்! இமை மரியாதை! எல்லோரும் கண்ணை மூடுங்கள்!" என்று மந்திரி அலறினார்.

ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் தலை மெள்ள வெளியே வந்தது. ராஜாவை நேராகப் பார்த்து, அது இரண்டு கண்ணையும் திறந்தது. தவளைகள் திறந்தன. வாத்துகள் திறந்தன. நண்டுகளுக்கு எதிலும் அவசரம்; அவை கண்ணை வெளியே நீட்டியே பார்த்தன. மந்திரி தட்டிக்கொண்டே இருந்தார். அலகு வலித்ததுதான் மிச்சம். ஒருவரும் மூடவில்லை!

ராஜா இடது பக்கம் பார்த்தார், கண்கள். வலது பக்கம் பார்த்தார், கண்கள். குனிந்தால் தண்ணீரிலும் கண்கள். வேறு வழியில்லை.

"தம்பி, கரையைத் தாண்டிப் போ," என்றார். "இனி இந்த ஏரித் தண்ணீரில் நீ கால் வைக்கக் கூடாது."

"பறந்து போய்விடுகிறேனே!" என்று செஞ்சிறகர் கெஞ்சினார்.

"நடந்து போங்க!" என்றாள் பொட்டம்மா. "ஊர்வலம் வந்த வழியிலேயே, எங்க எல்லார் முன்னாலயும் நடந்து போங்க!"

செஞ்சிறகர் நடந்தார். கரை முழுக்க அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த நீளக் கால்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

மிச்சமிருந்த நான்கு முட்டைகளும் பொரிந்தன. வரியன் அந்தப் பக்கம் வந்தால் பொட்டம்மா இப்போது "வாடா தம்பி" என்கிறாள். விரால் மட்டும் அவனை இன்றும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது வேறு கணக்கு. ஊர்வலமும் நிற்கவில்லை. கொக்கு மந்திரி அலகைத் தட்டுகிறார். அந்தச் சத்தம் கேட்டதும் பொட்டம்மாவின் குஞ்சுகள் நான்கும் கழுத்தை நீட்டி, கண்ணை அகல விரித்து, போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கின்றன.

பெரிய இடத்தவர்களுக்குத் தலை வணங்கலாம், தவறில்லை. ஆனால் அவர்கள் செய்வதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு திருட்டுக்குக் காவல் நிற்கிறார்கள்.