தண்ணீர் கட்டிய தெரு

ஒரு தெரு திறக்க வேண்டிய நாளில் திறக்கப்படவில்லை. அதை மூடி வைத்தது யார் என்பதுதான் கேள்வி. ஆகவே யார் எங்கே நின்றார், யார் எங்கே படுத்திருந்தார் என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசி வீட்டில் தனிஸ்லாஸ் ஒற்றை ஆளாக இருந்தார். ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தானாகப் போய் யாரிடமும் பேசமாட்டார். சந்துக்குள் வரும் வண்டி எதுவானாலும் அவர் வாசலில்தான் திரும்பியாக வேண்டும். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பும்போது, "சாப்பாடு ஆச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவார். பல நாட்களில் தனிஸ்லாஸின் காதில் விழுந்த பேச்சு அது ஒன்றுதான். பதில் சொல்வதற்குள் வண்டி போய்விட்டிருக்கும்.

அந்த ஆட்டோ பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்துவுக்காக வருவது. அவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மற்ற நாட்களில் தெருப்பக்கச் சன்னலோரம் கட்டிலில் படுத்திருப்பார். எதிர்வீட்டில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் குப்புராஜ்.

தெருவுக்குப் புதுச் சாலை வந்தது. வார்டு உறுப்பினர் வந்து, "தாரா, சிமெண்டா? கூடிப் பேசி ஒரு முடிவாச் சொல்லுங்க" என்றார்.

"சிமெண்டுதான்!" என்றார் குப்புராஜ். "தார் மேல தாராப் போட்டு ரோடு மேல ஏறிருச்சு, என் வீடு பள்ளத்துல கிடக்கு. மழை வந்தா அடுப்புல மீன் பிடிக்கலாம். நிக்கிற தண்ணியில தாரும் தாங்காது, பேந்துரும். பழசத் தோண்டிட்டு சிமெண்டு போடுங்க."

பிச்சைமுத்துவின் மனைவி வைரமணி எழுந்தாள். "தாருன்னா மறுநாளே வண்டி ஓடும். சிமெண்டுன்னா நாலு வாரம் தெருவ மூடணும். அதுவரைக்கும் இவர நான் இடுப்புல வச்சுத் தூக்கிட்டா போவேன்?"

அதுவும் நியாயம்தான். தெரு இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து நின்றது. வாய் திறக்காதிருந்த ஒருவரை எல்லோரும் பார்த்தார்கள்.

தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னார். "என் வீட்டுப் பின்கதவு ஏரிக்கரை ரோட்டுல திறக்கும். என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் ஆணி அடிச்சு வச்சிருக்கேன். பிடுங்கிடறேன். ஆட்டோ அங்க நிக்கட்டும். பிச்சைமுத்துவ நாற்காலியில உட்கார வச்சு என் வீட்டு வழியாத் தூக்கிட்டுப் போயிடலாம்."

சிமெண்ட் சாலை போட்டார்கள். இறுகியதும் மேஸ்திரி அதன்மேல் மண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினார். "இது வத்துனா ரோடு வெடிச்சுரும். காலையில, சாயங்காலம் ஊத்தணும். நான் சொல்றவரைக்கும் வண்டி ஏறக்கூடாது." அந்தப் பொறுப்பைத் தனிஸ்லாஸ் ஏற்றார். தெருமுனையில் கயிறும் கட்டினார். கை பழகிய வேலை.

குப்புராஜ் தள்ளுவண்டியைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, அண்டாவையும் அடுப்பையும் தினமும் ஓரமாகச் சுமந்தார்.

பின்கதவு திறந்ததும் தனிஸ்லாஸின் வீட்டுக்குள் ஆள் அரவம் வந்தது. ஆட்டோ வரும்வரை பிச்சைமுத்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அளந்துதான் குடிக்கத் தரவேண்டும். தனிஸ்லாஸ் அரை டம்ளர் டீயைச் சரியாக அளந்து வைப்பார். "உம்ம வீட்டுல ஒரு காலண்டர் கூட இல்லையேய்யா, நாள் போறது எப்படித் தெரியுது?" என்று பிச்சைமுத்து கேலி செய்வார். வைரமணி ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதற்காகவே தனிஸ்லாஸ் ஒருமுறை அவர்கள் வீட்டுப் படியேறினார்.

நாலு வாரம் முடிந்தது. மேஸ்திரி வந்து, பிச்சைமுத்து வீட்டுச் சன்னலுக்குக் கீழே நின்று, தன் வழக்கமான உரத்த குரலில் சொன்னார். "கயித்த அவுத்துரலாங்கய்யா. இனி லாரி ஏறினாலும் அசையாது." தனிஸ்லாஸ் தலையாட்டினார். மேஸ்திரி போனபின் தெருமுனைவரை நடந்தார். கயிற்றைத் தொட்டார். திரும்பி வந்து வாளியை எடுத்தார்.

மறுநாள் டீ குடிக்கும்போது பிச்சைமுத்து, "தண்ணிய மட்டும் நிறுத்திராதீங்கண்ணே" என்றார். தனிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஊற்றினார். அடுத்த வாரமும் ஊற்றினார்.

ஒருநாள் மேஸ்திரி இட்லி சாப்பிட வந்த இடத்தில், "வண்டிய ஏன் இன்னும் வெளியவே நிறுத்துறீங்க?" என்று கேட்க, குப்புராஜ் நேரே தனிஸ்லாஸின் கூடத்துக்கு வந்து நின்றார்.

"ரயில் போய் எத்தன நாளாச்சு! இன்னும் கேட்ட மூடி வச்சிருக்கீரே, இது நியாயமா? அண்டாவத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சது தெரியலையா உமக்கு?"

"தெரியும்," என்றார் தனிஸ்லாஸ். "மேஸ்திரி அன்னிக்கே சொல்லிட்டார்." நாற்காலியில் இருந்த பிச்சைமுத்து வியப்படையவில்லை. டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

இப்போது சொல்லுங்கள். தெருவை மூடி வைத்தது யார்? மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூடி வைத்தவர்கள் இருவர். மேஸ்திரி சொன்னது சன்னலோரம் படுத்திருந்தவருக்கும் கேட்டிருக்கும். கேட்டதால்தான் தண்ணீரை நிறுத்தாதே என்றார். சரியாக நடந்தவர் குப்புராஜ் ஒருவரே. அவர் இடுப்பை ஒடித்துத்தான் மற்ற இருவரும் டீ குடித்தார்கள். இதில் பாவம் என்னவென்றால், கூடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதற்குத் தெரு மூடியிருக்க வேண்டியதே இல்லை. வா என்று ஒருவர் அழைக்கவில்லை, வரட்டுமா என்று மற்றவர் கேட்கவில்லை. அன்று மாலை தனிஸ்லாஸ் கயிற்றை அவிழ்த்தார்; குப்புராஜின் அண்டாவை அவரே தூக்கி வந்து வீட்டில் வைத்தார். அடுத்த டயாலிசிஸ் முடிந்து பிச்சைமுத்துவை ஏற்றிவந்த ஆட்டோ வெள்ளைச் சாலையில் வந்து தனிஸ்லாஸின் வாசலில் திரும்பியது. "சாப்பாடு ஆச்சாண்ணே?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். இந்த முறை வண்டி நகரவில்லை. பின்சீட்டிலிருந்து பிச்சைமுத்து, "முதல்ல டீ ஆகட்டும், இறக்கு" என்றார்.