பிரதானியின் வேண்டுதல் தாடி

அரண்மனை நாவிதர் உடையாண்டியை விகடக்காரர் ஏகாம்பரம் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அரண்மனைப் பின்கட்டில் கிழவர் குந்தியிருந்தார். மடியில் ஒரு சாம்பல் பூசணிக்காய். சவரக் கத்தியால் அதன் மேலிருந்த வெள்ளைச் சாம்பலை வழித்துக்கொண்டிருந்தார்.

"காய்க்குக்கூடவா சவரம், பெரியவரே?"

"காய்க்கு இல்லை சாமி, என் கைக்குச் சோதனை. சாம்பல் மட்டும் வரணும். தோலில் கோடு விழக் கூடாது. நாற்பது வருஷமா இதைப் பார்த்துட்டுத்தான் ராஜா முகத்துக்குப் போறேன்."

அன்றைக்குக் கோடு விழுந்தது. ஒரே ஒரு கோடு, சுண்டுவிரல் நீளம். கிழவர் அதைத் தடவிப் பார்த்தார். கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"இன்னிக்கு ராஜாவுக்குச் சவரம் இல்லைன்னு சொல்லிடுங்க."

மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

செங்கோட ராஜாவுக்கு வேறு யார் கையும் பிடிக்கவில்லை. வந்த நாவிதர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். கடைசியில் உடையாண்டியின் கத்தியைத் தானே எடுத்தார். எடுத்தவருக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. வழக்கு கேட்கும்போதும் சிம்மாசனத்தில் தோல்வாரை மாட்டிக்கொண்டு சரக், சரக் என்று தீட்டினார். வழக்குச் சொல்ல வந்தவர்கள் பாதியிலேயே சமாதானமாகிப் போனார்கள்.

தன் முகத்தில் கத்தி வைக்க மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை. அடுத்தவர் முகம் இருக்கும்போது என்ன அவசரம்? முதலில் இரண்டு காவலர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு சமையல்காரர். ஒரே வாரத்தில் அரண்மனையில் படிகாரம் தீர்ந்துபோனது.

"எப்படி இருக்கிறது?" என்று ராஜா கேட்பார்.

"பட்டு மாதிரி, மகாராஜா!" என்பார்கள், கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு.

ஒருநாள் ராஜாவின் பார்வை பிரதானி விருத்தகிரியின் தாடிமேல் விழுந்தது. மார்புவரை இறங்கிய தாடி. பிரதானி சட்டென்று கைகூப்பினார்.

"அரசே, இது வேண்டுதல் தாடி. தங்கள் கை இந்தக் கலையில் தேறினால் இதை மலைக்கோயில் முருகனுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். அதுவரை கத்தி படக் கூடாது."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டுதல் தாடியில் யார் கை வைப்பார்கள்?

பிரதானி அதோடு நிறுத்தவில்லை. சபையில் தன்னை அடிக்கடி கிண்டல் செய்யும் ஏகாம்பரத்தின்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல். "அதோ நம் விகடக்காரர் கழுத்தைப் பாருங்கள், அரசே! என்ன நீளம்! குரல்வளை மேலும் கீழும் ஓடுகிறது பாருங்கள். அந்தக் கழுத்தை வழித்தால்தான் தங்கள் கைக்குப் பெருமை."

"நாளைக்கே வழிக்கிறேன்! சபை நடுவில்!" என்றார் ராஜா.

மாட்டேன் என்றால் ராஜாவின் கையை அவமதித்த குற்றம். சரி என்றால் குரல்வளை போய்விடும். ஏகாம்பரம் அன்று முழுவதும் கழுத்தைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஏகாம்பரம் மணையில் உட்கார்ந்தார். ராஜா அவர் கழுத்தில் தண்ணீர் தடவினார். கத்தியை விரித்தார்.

"அரசே, பிரதானியாரிடம் எனக்கு ஒரு சந்தேகம்."

"கத்தி கழுத்துக்கு வரும் நேரத்திலா?"

"பிறகு கேட்க முடியுமோ முடியாதோ."

"சரி, கேள்."

"பிரதானியாரே, அரசர் கை தேறிவிட்டதா?"

"இது என்ன கேள்வி? தேறாத கைக்கு உன்னைக் காட்டிவிடுவேனா? எப்போதோ தேறிவிட்டது!" என்றார் பிரதானி, சபையெங்கும் கேட்கும்படி.

ஏகாம்பரம் மணையைவிட்டு எழுந்தார். துண்டால் மணையைத் தட்டினார்.

"அப்படியானால் தங்கள் வேண்டுதல் பலித்துவிட்டது. வாருங்கள், உட்காருங்கள். முருகனுக்குச் சேர வேண்டியதைக் காக்க வைத்துவிட்டு என் கழுத்து முந்தினால் தெய்வக் குற்றம் ஆகிவிடும்."

பிரதானியின் இரண்டு கைகளும் தாடிக்குப் போயின.

"இல்லை... தேறிவிட்டது என்றால்... முழுக்கத் தேறவில்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி..."

ராஜா மெல்லத் திரும்பினார். "எவ்வளவு கொஞ்சம், பிரதானி?"

"அது... ஒரு கழுத்து அளவு, அரசே."

ராஜா காவலர்களைப் பார்த்தார். "பட்டு மாதிரி என்றீர்களே?" ஒரு காவலன் கன்னத்திலிருந்து பஞ்சு கீழே விழுந்தது.

ராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கையும் குலுங்கியது.

"அரசே," என்று ஏகாம்பரம் இரண்டடி பின்னால் நகர்ந்தார், "சிரிப்பதானால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரியுங்கள்!"

ராஜா கத்தியை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, "எனக்கு ஆசை விடவில்லையே, ஏகாம்பரம். நான் எதில்தான் பழகுவது?" என்றார். குழந்தை கேட்பதுபோல இருந்தது.

ஏகாம்பரம் உடையாண்டியின் பூசணிக்காயைப் பற்றிச் சொன்னார். நாற்பது வருஷம் தன் கன்னத்துக்கு முன்னால் ஒரு காய் நின்றிருக்கிறது என்று ராஜாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து வண்டி வண்டியாகச் சாம்பல் பூசணி வந்தது. ராஜா வழித்தார். கோடு விழுந்ததெல்லாம் சமையலறைக்குப் போனது. காலையில் பூசணிக் கூட்டு, மதியம் பூசணி மோர்க்குழம்பு, விருந்தாளி வந்தால் பூசணி அல்வா. காயில் கோடு விழாத நாள் வரும்வரை பிரதானி தாடியை எடுக்கக் கூடாது என்றும் உத்தரவானது. தாடி தொப்புளைத் தாண்டிவிட்டது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராஜா கேட்டார்.

"பின்கட்டில் உடையாண்டி கடைசியாக வழித்த காய் கிடக்கிறது, அரசே. அது மட்டும் கூட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும்."

அந்தக் காய் இப்போது சபை மண்டபத்தில் ஓர் உறியில் தொங்குகிறது. அதில் ஒரே ஒரு கோடு இருக்கிறது, சுண்டுவிரல் நீளம்.