மைக் சுடலைமணியின் நாக்கு

மேல்படிப்பில் எந்தத் துறை என்று முடிவு சொல்ல அன்று மாலைதான் கடைசி. ஆவுடையப்பன் காலையிலேயே பஸ் ஏறி, தன் பழைய ஆசிரியையைப் பார்க்க அரசு பல் மருத்துவமனைக்கு வந்துவிட்டான்.

பல் மருத்துவப் பட்டம் வாங்கிய பின் ஊர் ஊராகச் சிறு கிளினிக்குகளில் வேலை பார்த்தவன் அவன். நுழைவுத் தேர்வு எழுதி எழுதித் தோற்றான். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒரு துறையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் மட்டும் வெறும் பல் டாக்டராகவே இருந்தான். இந்த வருடம்தான் விரும்பியதை எடுக்கும்படி மதிப்பெண் வந்தது. வந்தும் மனசு தெளியவில்லை.

ஆசிரியை சங்கரவடிவு வாய் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். புற்றுநோய் அரித்த தாடையை எடுத்துவிட்டு, கால் எலும்பில் புதுத் தாடை செய்து வைப்பவர். ஒருநாள் தானும் அப்படி நிற்க வேண்டும் என்ற நினைப்பில்தான் அவன் இத்தனை தோல்வியையும் தாங்கினான்.

"வா ஆவுடை. சாப்பிட்டியா?"

"ஆச்சு மேடம். ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

"வீட்ல பல் சீரமைப்பு எடுக்கச் சொல்றாங்க. கம்பி கட்டிப் பிழைச்சுக்கலாமாம். ஃப்ரெண்ட்ஸ் வேர் சிகிச்சை எடுன்றாங்க. எனக்கு உங்க துறைதான் ஆசை. எதை எடுக்கட்டும்?"

அவர் ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தானும் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு நடந்தார். அவன் பின்னாலேயே போனான்.

உள்ளே நாற்காலியில் ஒல்லியான ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. ஆவுடையப்பனுக்கு அவரை உடனே அடையாளம் தெரிந்தது. மைக் சுடலைமணி. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் திறப்பு, கோயில் கொடைத் திருவிழா, துக்கச் செய்தி எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்கிறவர். அந்தக் குரல் நுழையாத தெரு அந்தப் பக்கம் கிடையாது.

"வணக்கம் அண்ணாச்சி" என்றான்.

சுடலைமணி பதிலுக்கு ஏதோ சொன்னார். வெறும் சத்தம்தான் வந்தது.

"நாக்கைத் துணியால பிடிச்சு, வெளியே இழுத்து ஓரத்தைப் பாரு" என்றார் சங்கரவடிவு.

பார்த்தான். வலது ஓரம் முழுக்கப் புண். தொட்டால் கட்டையாக இருந்தது. கழுத்தைத் தடவினான். அங்கேயும் கல் மாதிரி. நாக்கை மெதுவாக விட்டுவிட்டு விலகி நின்றான்.

"இதைப் பார்க்க எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு நிமிஷம்கூட ஆகலை மேடம்."

சங்கரவடிவு அவர் மனைவி பக்கம் திரும்பினார். "மாரிக்கனி, நடந்ததை இவர்கிட்ட சொல்லும்மா."

"பல்லு நாக்கைக் குத்துதுன்னுதான் மொதல்ல சொன்னாவ சார். ஒரு டாக்டரு பல்லோட கூரை ராவி விட்டாரு. புண்ணு ஆறல. இன்னொருத்தரு வேர் சிகிச்சை பண்ணித் தொப்பி மாட்டினாரு. பொறவு ஒரு டாக்டரம்மா அந்தப் பல்லையே எடுத்துட்டாவ."

"நாக்கை யாரும் பார்க்கலையா?"

"எல்லாரும் பல்லைத்தான் பாத்தாவ. போன ஆடியில இலவசப் பல் முகாம் போட்டாவ. இவியதான் தெருத்தெருவா மைக்குல கூப்பிட்டாவ. கூட்டம் கலையுத நேரத்துல இவியளும் போயி வாயைத் தொறந்தாவ. பல்லெல்லாம் சுத்தமா இருக்கு, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாவ."

சுடலைமணி கையை உயர்த்தி மறுபடியும் எதையோ சொன்னார். இந்த முறை நெடுநேரம்.

"பங்குனிக் கொடைக்கு மைக்கு புடிக்க முடியுமான்னு கேக்காவ" என்றாள் மாரிக்கனி.

சங்கரவடிவு அவர் தோளைத் தொட்டார். "பார்ப்போம் அண்ணாச்சி."

சங்கரவடிவும் ஆவுடையப்பனும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"எப்போ ஆபரேஷன் மேடம்?"

"ஆபரேஷன் இல்லை. புற்று கழுத்து ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. நுரையீரலுக்கும் போயாச்சு."

"அப்போ நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"வலிக்கு மாத்திரை எழுதப் போறேன்."

எப்போதும் நிமிர்ந்தே பார்த்த அந்த முகம் அன்று தரையைப் பார்த்தது. ஆவுடையப்பன் அதைக் கவனித்தான். தான் இத்தனை வருடம் எட்டிப் பிடிக்க நினைத்த இடம் இதுதானா?

"அவரைப் பார்த்தவங்கல்லாம் சரியாப் படிக்காதவங்களா மேடம்?"

"நல்லாப் படிச்சவங்க. ரெண்டு பேர் என்கிட்ட படிச்சவங்க."

ஆவுடையப்பன் உள்ளே இருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்போ நான் எங்கே போகட்டும்?"

"அவர் முதல்ல வாயைத் திறந்தாரே, அந்த நாற்காலி பக்கத்துல போய் உட்காரு."

"நான் அந்த மாதிரி சின்ன கிளினிக்குலதானே மேடம் இருக்கேன்." என்றான் அவன். "அங்கே இருக்கிறவனை யாரும் மதிக்கிறதில்லை. அங்கேயிருந்து தப்பிச்சுப் போகத்தானே உங்ககிட்ட வந்தேன்."

சங்கரவடிவு கையுறையைக் கழற்றினார்.

"அவரைப் பார்த்த ஒவ்வொருத்தரும் எப்போ தப்பிச்சுப் போகலாம்னுதான் அங்கே உட்கார்ந்திருந்தாங்க, ஆவுடை."